மண்ணுக்குள் போகிற செங்கல்லுக்குத் தனிக் கணக்கு

வீடு கட்டும்போது செங்கல் பேரம் பெரும்பாலும் ஒரே தடவைதான் நடக்கும். ஆயிரம் கல் என்ன விலை, லோடு எப்போது வரும், எந்த ஊர்ச் சூளை என்று பேசி முடித்தால் அதே கல்தான் அஸ்திவாரத்துக்கும் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்புக்கும் மாடிச் சுவருக்கும் போகும். மாடிச் சுவரில் பூச்சுக்குள் இருக்கும்வரை அந்தக் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. காம்பவுண்டுச் சுவரின் அடியில் அதே கல் சில மழைக்காலங்களில் மாவாக உதிர ஆரம்பிக்கும். சூளைக்காரரைத் திட்டுவோம். கல் பெரும்பாலும் சுமாரானதுதான். போட்ட இடம் அதற்கு ஏற்றதில்லை.

பிரிட்டனில் இந்தப் பிரச்சினைக்கென்றே ஒரு வகைக் கல் உண்டு. இன்ஜினியரிங் பிரிக் என்பார்கள். ரயில் பாலங்கள், கால்வாய்க் கரைகள், மேன்ஹோல்கள், மண்ணைத் தாங்கும் சுவர்கள் எல்லாம் இதில் கட்டியவை. ஸ்டாஃபர்ட்ஷயரின் நீலக் கல்லும் ஆக்ரிங்டனின் சிவப்புக் கல்லும் பேர்போனவை. ஸ்டாஃபர்ட்ஷயர்க் களிமண்ணில் இரும்புச் சத்து அதிகம். காற்றைக் குறைத்து அதிக வெப்பத்தில் சுடும்போது இரும்பின் நிறம் சிவப்பிலிருந்து கருநீலத்துக்குப் போகிறது. மண் துகள்கள் பாதி உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் தண்ணீர் நுழையத் துளை அதிகம் மிச்சமிருப்பதில்லை. ஏ வகை, பி வகை என்று இரண்டு பிரிவு. 1985ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தரத்தில் ஏ வகைக்கு வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 70 நியூட்டன், பி வகைக்கு 50. பிறகு அதை 125, 75 என்று ஏற்றிவிட்டார்கள். தண்ணீர் உறிஞ்சும் அளவு மட்டும் மாறவில்லை: ஏ வகைக்கு 4.5 சதவீதம், பி வகைக்கு 7. நமக்கு வேண்டிய எண் இந்த உறிஞ்சல்தான்.

நம் நாட்டில் சாதாரணச் சுட்ட செங்கல்லுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 1077, கல்லை 3.5 முதல் 35 வரை வகை பிரிக்கிறது. அந்த எண் சராசரி வலிமையைக் குறிக்கும். 12.5 வகை வரைக்கும் கல் தன் எடையில் 20 சதவீதம் தண்ணீர் உறிஞ்சலாம்; அதற்கு மேற்பட்ட வகைக்கு 15. இதைவிடக் கனத்த கல்லுக்கு ஐ.எஸ். 2180 இருக்கிறது: வலிமை 40 நியூட்டனுக்குக் குறையக்கூடாது, உறிஞ்சல் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பிரிட்டன் கல்லுக்கு நம் தரநூல்களில் நெருங்கிய சொந்தம் இதுதான். ஆனால் ஐ.எஸ். 2180 கல் வேண்டும் என்று செங்கல் மண்டியில் கேட்டால் புரியாமல் பார்ப்பார்கள். மழமழவென்று இருக்கிற, மெஷினில் அறுத்த எந்த வயர் கட் கல்லையும் ‘இன்ஜினியரிங் பிரிக் சார்’ என்று விற்பவர்களும் உண்டு. பெயரை விட்டுவிட்டு எண்ணைக் கேளுங்கள். இரண்டு நாட்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் வேண்டாம். பிரிட்டனில் 4.5, 7 என்பதைக் கல்லைத் தண்ணீரில் 5 மணி நேரம் கொதிக்கவைத்து அளக்கிறார்கள். நம் 15, 20 என்பது பச்சைத் தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவைத்து அளப்பது. கொதிக்கவைத்தால் சின்னத் துளைகளில் அடைபட்ட காற்றும் வெளியேறித் தண்ணீர் கூடுதலாக ஏறும். விற்பவர் ஏழு சதவீதம் என்று சொன்னால் எந்த முறையில் என்று கேட்க வேண்டும்.

வலிமையை ஏன் இரண்டாம் இடத்தில் வைக்கிறோம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு மீட்டர் நீளத்துக்குப் பத்து டன் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். தரைத்தளமும் மாடியும் உள்ள சாதாரண வீட்டில் இது தாராளமான கணக்கு. சுவரில் வரும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 0.43 நியூட்டன். 7.5 வகைக் கல்லும் சுமாரான கலவையுமே இதற்குப் போதும். 40 நியூட்டன் கல் வாங்கிச் சுமைக்காகப் போடுவது காசைக் கொட்டுவது. குளிர்நாட்டில் கல்லுக்குள் தண்ணீர் உறைந்து விரிந்து உடைக்கும். அந்தப் பயமும் நமக்கு இல்லை. நம் ஊரில் எதிரி உப்பு. மண்ணிலிருந்து ஈரம் கல் வழியாக ஏறுகிறது, வெயிலில் காய்கிறது, கரைந்து வந்த உப்பு கல்லின் மேல்தோலுக்கு அடியில் படிகமாகிறது. அடுத்த மழையில் கரைந்து மறுபடி படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டும். அந்த இடத்தைக் கல்லை உடைத்து எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் உதிர்வு எப்போதும் தரையை ஒட்டி இருப்பதில்லை. ஈரம் ஏறி நிற்கும் உயரம் வரைக்கும், ஒரு அடி, ஒன்றரை அடியில், பட்டையாகத் தெரியும்.

லோடு வந்ததும், உறிஞ்சலை அளக்க, வெவ்வேறு மூலைகளிலிருந்து ஐந்து கல் எடுங்கள். லாரியின் மேல்வரியில் மட்டும் எடுக்கக்கூடாது. நல்ல கல் அங்கேதான் இருக்கும். ஆய்வகத்தில் 105 முதல் 115 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரைக்கும் காயவைப்பார்கள். தளத்தில் மூன்று நாள் முழு வெயில். மழைக்காலத்தில் இந்தச் சோதனையே வேண்டாம், நேரே ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம். காய்ந்த கல்லைக் கிராம் காட்டும் தராசில் நிறுத்து, கல்லின் மேலேயே எண்ணை எழுதுங்கள். சுத்தமான தண்ணீரில் 24 மணி நேரம் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். எடுத்து, பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, மூன்று நிமிடத்துக்குள் மறுபடி நிறுங்கள். காய்ந்தபோது 3,050 கிராம், ஊறியபின் 3,480 கிராம் என்றால் ஏறியது 430 கிராம்; 430ஐ 3,050ஆல் வகுத்தால் 14.1 சதவீதம். வெயிலில் கல் முழுசாகக் காயாது என்பதால் இந்த எண் நிஜத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். 14 என்று வந்தால் 15 என்றே எண்ணிக்கொள்வது நல்லது. சராசரியை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. ஐந்தில் நாலு கல் 11, ஒன்று 22 என்றால் சராசரி 13தான்; ஆனால் சுவரில் தண்ணீர் அந்த ஒரு கல் வழியாகவே வரும். ஆய்வக அறிக்கை கொடுத்தாலும் ஐந்து கல்லின் தனித்தனி எண்களையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கற்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஊறி எடுத்த கல்லில் இரண்டொரு நாளில் சின்னப் பள்ளம் தெறித்து, நடுவே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மண்ணில் சுக்கான் கல் கலந்திருக்கிறது. சூளையில் அது சுண்ணாம்பாகி, தண்ணீர் பட்டதும் நீறி, கல்லைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. பூச்சில் அங்கங்கே காசளவுக்குத் தெறிக்கிற குறையும் இதனால்தான். உப்புக்கு வேறு சோதனை. ஒரு தட்டில் ஓர் அங்குல ஆழம் தண்ணீர் விட்டுக் கல்லைச் செங்குத்தாக நிறுத்துங்கள். தண்ணீர் முழுக்க வற்றியதும் இன்னொரு முறை அதே அளவு விட்டு வற்றவிடுங்கள். கல்லின் மேல் வெள்ளைப்படலம் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் லேசானது. பாதி வரைக்கும் நடுத்தரம். அதற்கு மேல் போனால் மண்ணுக்கடியில் அந்த லோடு வேண்டாம். இந்தச் சோதனைக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரே எடுக்க வேண்டும். போர் தண்ணீரில் செய்தால் போரின் உப்பைத்தான் அளப்பீர்கள்.

இரண்டு கல்லைத் தட்டினால் மணிச்சத்தம் வர வேண்டும், ஆணியால் கீறினால் கோடு விழக்கூடாது, இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டால் உடையக்கூடாது என்ற பழைய சோதனைகள் வேக்காட்டைச் சொல்லும். அரைவேக்காட்டுக் கல்லை ஒதுக்க அவை போதும். நன்றாக வெந்த கல்லிலும் துளை நிறைய இருக்கலாம். சத்தம் அதைக் காட்டாது. நிறமும் அப்படியே. மண்ணில் இரும்பு கூடினால் சிவப்பு கூடும், அவ்வளவுதான்.

மண்ணுக்கடி வேலைக்கு நாங்கள் வைக்கும் வரம்பு இது. உறிஞ்சல் 10 சதவீதத்துக்குள் வந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். 10 முதல் 12 வரை சம்ப்புக்கும் செப்டிக் டேங்குக்கும் சரி. 12 முதல் 15 வரை அஸ்திவாரத்துக்குச் சரி. தண்ணீர்த் தொட்டிக்கு வேண்டுமானால் இரண்டு பக்கமும் நல்ல பூச்சு கட்டாயம். 15க்கு மேல் போன கல் பேஸ்மென்ட் (வீட்டுத் தரை) மட்டத்துக்கு மேலே பூச்சுக்குள் மட்டும். 20ஐத் தாண்டினால் லாரியை அப்படியே திருப்பி அனுப்புங்கள். இது தரநூல் வரம்பைவிட இறுக்கமானதுதான்; ஆனால் தரநூல் எழுதியது எல்லாச் சுவருக்குமாகச் சேர்த்து.

எந்தக் கல்லில் இந்த எண் கிடைக்கும்? காளவாசலில் அடுக்கிச் சுடும் நாட்டுக்கல்லில் வெளிப்பக்கம் வேகாமலும் நடுவே உருகியும் வரும். ஒரே லோடில் எல்லாமே இருக்கும். உருகிக் கோணிய கல் தண்ணீர் குடிக்காதுதான், ஆனால் கட்டும்போது வரி நேராக நிற்காது. உடைத்துத் தரைக்கு அடியில் போட்டுக்கொள்ளலாம். அறைச் சூளையில் சுடும் சேம்பர் கல்லில் வேக்காடு சீராக இருக்கும், ஆனால் சேம்பர் என்ற பெயர் உறிஞ்சலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மெஷினில் பிதுக்கி அறுத்த வயர் கட் கல்லில் மண் இறுகியிருப்பதால் 10க்குக் கீழே வரும் வாய்ப்பு அதிகம். தொட்டி வேலைக்கு அதில் துளையில்லாத கல்லாகக் கேளுங்கள். துளைக்கல்லின் ஓட்டைக்குள் தண்ணீர் நின்றால் எந்தப் பக்கமிருந்து ஒழுகுகிறது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியாது. நிலக்கரிச் சாம்பலில் செய்யும் பிளை ஆஷ் கல்லைப் பேஸ்மென்ட் வரைக்கும் சோதித்துப் போடலாம். செப்டிக் டேங்குக்கு நாங்கள் சொல்வதில்லை. காற்றுக்குமிழி நிறைந்த லேசான ஏ.ஏ.சி. பிளாக்கை ஈர மட்டத்துக்குக் கீழே நினைக்கவே வேண்டாம். நல்ல செங்கல் கிடைக்காத ஊரில் சாலிட் கான்கிரீட் பிளாக் நல்ல மாற்று. அதற்கான ஐ.எஸ். 2185 உறிஞ்சலை 10 சதவீதத்துக்குள் கட்டிவைக்கிறது.

சூளையிலிருந்து சூடு ஆறாமல் வந்த கல்லை உடனே கட்டாதீர்கள். சுட்ட கல் காற்று ஈரத்தை வாங்கி மெல்ல விரியும். அதில் பெரும்பங்கு முதல் சில வாரங்களில் நடக்கும். இரண்டு வாரம் அடுக்கில் கிடந்தால் நல்லது.

இனி கட்டும் முறை. நம் கொத்தனார்களுக்குக் கை பழகிய வழக்கம், கல்லைத் தொட்டியில் போட்டு குமிழி விடுவது நிற்கும்வரை ஊறவைத்துக் கட்டுவது. தண்ணீர் குடிக்கும் கல்லுக்கு அது சரியான வழக்கம். ஊறாத கல் கலவையின் தண்ணீரை இழுத்து அதை மணலாக்கிவிடும். இறுகிய கல்லில் அதே வழக்கம் வேலையைக் கெடுக்கும். ஏற்கெனவே குடிக்காத கல், மேலே தண்ணீர்ப் படலம் வேறு. கலவை மேல் கல் வழுக்கிக்கொண்டு போகும், மேல்வரியின் கனத்தில் கீழ்வரிக் கலவை பிதுங்கும், காலையில் தூக்குக்குண்டு வைத்துப் பிடித்த நேர் சாயங்காலம் இருக்காது. எந்தக் கல்லுக்கு எது என்று சந்தேகம் வந்தால், காய்ந்த கல்லின் மேல் 25 மில்லிமீட்டர் விட்டத்துக்கு மெழுகால் வட்டம் போட்டு அதற்குள் இருபது சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் உறிஞ்சிவிட்டால் நனைக்க வேண்டிய கல். நின்றால் தூசியை மட்டும் கழுவி, மேல்ஈரம் காய்ந்ததும் கட்டுங்கள்.

இறுகிய கல்லுக்குக் கலவையில் தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும். கரணையில் எடுத்துக் கவிழ்த்தால் சட்டென்று விழாத பதம். விகிதம் மண்ணுக்கடியில் 1:4, அதாவது ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு நாலு பங்கு மணல். 1:6 போடும் பழக்கத்தைப் பேஸ்மென்ட்டுக்கு மேலே வைத்துக்கொள்ளலாம். நல்ல கல் வாங்கி 1:6 கலவையில் தொட்டி கட்டினால் கல்லுக்குக் கொடுத்த கூடுதல் காசு சந்து வழியாகவே ஒழுகிவிடும். ஒரு நாளில் எட்டிலிருந்து பத்து வரி, அதாவது இரண்டரை அடி போதும். சாதாரணக் கல்லில் நாலு அடி ஏற்றிப் பழகியவர்கள் முணுமுணுப்பார்கள். கூலியை நாள் கணக்கில் பேசிவிட்டால் முணுமுணுப்பு குறையும்.

கல்லில் எழுத்துப் பள்ளம் இருந்தால் அது மேல்பக்கம் பார்க்க வேண்டும், கலவை அதற்குள் நிறைய வேண்டும். கவிழ்த்து வைத்தால் கலவை குறைவாகச் செலவாகும், உள்ளே காற்றறை நிற்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நிற்கிற சந்துதான் பெரிய ஏமாற்று. முனையில் மட்டும் ஒரு கரணை தடவி, வெளியே பூசி மூடிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஒவ்வொரு கல்லின் தலைப்பக்கத்திலும் முழுக்கக் கலவை தடவித் தள்ளி உட்காரவைக்க வேண்டும். இதைச் சோதிக்க ஒரே வழி, கட்டி அரை மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு கல்லைப் பிடுங்கிப் பார்ப்பது. அதை முதல் நாளே ஒருமுறை செய்துவிட்டால் பிறகு செய்யத் தேவை இருக்காது. ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு வரி நீளக்கல், அடுத்த வரி குறுக்குக்கல் என்று மாற்றிப் போகும் இங்கிலீஷ் பாண்ட் போதும். இரண்டு நாலரை அங்குலச் சுவரைப் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றி நடுச்சந்தை மறந்துவிடும் குறுக்குவழிக்கு இடம் தராதீர்கள்.

அளவுக்கு ஒரு உதாரணம். உள்ளளவு 2.4 மீட்டர் நீளம், 1.8 அகலம், 1.8 ஆழம் கொண்ட சம்ப்பு. ஒன்பது அங்குலச் சுவரின் நடுக்கோட்டு நீளம் 9.32 மீட்டர், பரப்பு 16.8 சதுர மீட்டர். 230, 110, 75 மில்லிமீட்டர் கல்லும் 10 மில்லிமீட்டர் சந்தும் என்றால் சதுர மீட்டருக்கு 98 கல். மொத்தம் 1,650, உடைசல் சேர்த்து 1,750 வாங்குங்கள். 1:4 கலவையில் கட்டு வேலைக்கு மட்டும் ஆறரை மூட்டை சிமெண்ட், இரண்டு பக்கப் பூச்சுக்கு 1:3இல் இன்னும் ஐந்து மூட்டை. வீட்டுக்கு வாங்கும் மொத்தக் கல்லில் இந்த 1,750 சின்னப் பங்கு. இதற்கு மட்டும் ஒசத்திக் கல் வாங்கி, தனியாக அடுக்கி, சாயம் தெளித்து அடையாளம் போட்டுவிடலாம். அடையாளம் போடாவிட்டால் அந்தக் கல்தான் முதலில் மாடிக்கு ஏறும். விளிம்பு நேராக இருப்பதால் கொத்தனாருக்கு அதைத்தான் பிடிக்கும்.

ஆறு அடிக்கு மேல் ஆழம் போனாலோ, தோண்டும்போதே ஊற்று வந்தாலோ செங்கல்லை விட்டுவிட்டு, கம்பி கட்டிய கான்கிரீட்டான ஆர்.சி.சி.க்குப் போங்கள். செங்கல் சுவர் அமுக்கத்தைத் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் வளைந்து பிளக்கும். அதே காரணத்துக்காக, மேல்மூடி போடுவதற்கு முன் சுற்றிலும் மண்ணை நிரப்பிக் குத்தக்கூடாது. ஐப்பசி மழையில் தொட்டியைக் காலியாக வைப்பதும் ஆபத்து. உள்ளே எதிர்த்துத் தள்ளத் தண்ணீர் இல்லாதபோது வெளிமண் ஊறித் தள்ளும்.

செப்டிக் டேங்கில் கூடுதலாக ஒரு சங்கதி. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு தண்ணீருக்கு மேலே உள்ள ஈரச்சுவரில் கந்தக அமிலமாக மாறுகிறது. நன்றாகச் சுட்ட கல்லை அந்த அமிலம் ஒன்றும் செய்வதில்லை. கற்களுக்கு நடுவே உள்ள சிமெண்ட்டைத் தின்கிறது. பழைய தொட்டியைத் திறந்தால் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பூச்சு அப்படியே இருக்கும், மேலே இரண்டு அடி கல் மட்டும் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். மேல் வரிகளில் சந்தை 10 மில்லிமீட்டருக்கு மேல் விடாமல், சாம்பல் கலந்த பி.பி.சி. அல்லது இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட்டில் கட்டி, காற்றுக் குழாயை அடைக்காமல் வைத்திருப்பதுதான் வழி.

வயர் கட் கல் மழமழப்பாக இருப்பதால் பூச்சு நேராக ஒட்டாது. கட்டும்போதே சந்தை அரை அங்குலம் கீறிவிடுங்கள். பூச்சுக்கு முந்தின நாள் ஒரு பங்கு சிமெண்ட்டும் இரண்டு பங்கு பருமணலும் தண்ணீராகக் கரைத்துக் கையால் விசிறியடித்துச் சொரசொரப்பாக்கி, அது காயாமல் நனைத்துவைத்து, அதன் மேல் பூசுங்கள்.

காம்பவுண்டுச் சுவருக்கு பிரிட்டன் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அங்கே தனியாக நிற்கும் சுவரில் ஈரத்தடுப்பாகத் தார்த்தாளோ பிளாஸ்டிக்கோ போட மாட்டார்கள். அந்த மட்டத்தில் சுவர் இரண்டாகப் பிரிந்து, காற்றுத் தள்ளினால் நகர வாய்ப்புண்டு. அதற்குப் பதிலாகத் தரையிலிருந்து அரை அடிக்கு மேலே, உறிஞ்சாத கல்லில் இரண்டு வரி, 1:3 கலவையில், மேல்வரிச் சந்து கீழ்வரிச் சந்துக்கு நேர் வராமல். கீழிருந்து ஏறும் ஈரம் அதோடு நிற்கும். சுவரும் ஒரே உடம்பாக இருக்கும். இதற்கு 10 சதவீதக் கல் போதாது, கிடைப்பதில் மிகக் குறைவாக உறிஞ்சும் கல்லைப் பொறுக்க வேண்டும். அந்த இரண்டு வரியைப் பூசி மூடக்கூடாது. பூச்சு வழியாக ஈரம் கல்லைச் சுற்றிக்கொண்டு மேலே போய்விடும். பூச்சு அதற்கு மேலேயே முடியட்டும். பிற்பாடு யாராவது தோட்டத்துக்கு மண் அடித்து அந்த வரியை மூடினாலும் இதே கதைதான்.

தொட்டி வேலை முடிந்து பூச்சும் ஏழு நாள் நனைந்தபின், சுற்றி மண் நிரப்புவதற்கு முன்னால், தண்ணீர் விட்டுச் சோதிக்க வேண்டும். ஒரு நாள் நிரப்பி வைத்துச் சுவர் குடிக்க வேண்டியதைக் குடிக்கவிட்டு, மறுநாள் மறுபடி விளிம்பு வரை நிரப்பி ஆணியால் கோடு போடுங்கள். பக்கத்தில் ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். 24 மணி நேரத்தில் பக்கெட் இறங்கியது வெயிலுக்குப் போனது. தொட்டி அதைவிட இறங்கியிருந்தால் வித்தியாசம் ஒழுக்கு. வெளிச்சுவரில் ஈரம் தெரியும் இடத்தில் கரியால் வட்டம் போட்டு, தண்ணீரை இறைத்துவிட்டு, அதே இடத்தை உள்பக்கமிருந்து கொத்தி, சந்தைச் சுத்தம் செய்து, 1:3 கலவையால் திணித்து அடையுங்கள். வெளியே பூசி அடைத்தால் தண்ணீரின் அழுத்தம் அந்தப் பூச்சைத் தள்ளிவிடும்.